நாற்காலியில் கட்டுப்பட மறுத்த அக்காவுக்கு

அக்கா,

இன்று மாலை அலோர் ஸ்டாரில், எங்கள் தாதியர் கல்லூரி வாசலில் சாலையைக் கடக்க நின்றிருந்தேன். பழைய தொழிற்சாலைப் பேருந்து ஒன்று கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு போனது. தோழிகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் பொத்தவில்லை. “இது நாத்தமா? எனக்குச் சோறு போட்ட வாசம்டி இது” என்று இதே டீசல் வாடைக்காக நீங்கள் ஒருமுறை என்னை அதட்டியது நினைவுக்கு வந்தது. தோழிகள் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன். விடுதிக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்களை முதலில் பார்த்தபோது எனக்குப் பதினேழு வயது. எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். நாள் முழுக்கக் கைப்பேசியும் கையுமாகக் கிடக்கிறேன் என்று அம்மா வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தார். செமிலிங்கில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் மறதி நோய் கண்டவர்களுக்கான இல்லம் இருந்தது. “சும்மா கெடக்கிறதுக்கு அங்க போயி நாலு பேருக்குச் சோறாவது ஊட்டு லா” என்றார். கோபத்தோடுதான் போனேன்.

கூடத்தின் மூலையில், சன்னலோரம் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். நல்ல உயரம், அகலமான தோள், ஒட்ட வெட்டிய நரைத்த முடி. “பாட்டி, சாப்பிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“யாருக்குடி பாட்டி? அக்கான்னு கூப்புடு.”

அதன் பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏய் புள்ள, பின்னால முடிச்சு இருக்கு பாரு. அவுத்து வுடு. மணி நாலாவப் போவுது. புள்ளைங்க வந்து நிக்கும்” என்றீர்கள்.

அப்போதுதான் கவனித்தேன். வெளுத்துப்போன பாத்தேக் கைலி ஒன்றை உங்கள் இடுப்பைச் சுற்றி நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். முடிச்சு முதுகுக்குப் பின்னால், உங்கள் கை எட்டாத இடத்தில் இருந்தது.

இல்லத்தைப் பார்த்துக்கொண்ட தாதி தேவகி மிஸ்ஸி என்னைத் தள்ளிக் கூட்டிப்போய் விளக்கினார். நீங்கள் பல வருடங்கள் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டியவர். சுங்கைப் பட்டாணித் தொழிற்சாலைகளுக்குப் பீடோங், செமிலிங், மெர்போக் பெண்களை ஏற்றிப் போய் இறக்கியவர். மாலையானால் ஷிப்ட் மாறும் நேரம் வந்துவிட்டது என்று எழுந்து சாலைக்குப் போய்விடுவீர்கள். ஒருமுறை லாரிக்கு முன்னால் போய் நின்றுவிட்டீர்கள். அதிலிருந்து அந்த நேரத்துக்கு மட்டும் கட்டிவைக்கிறார்கள். “பையன் ஒத்துக்கிட்டுத்தான் செய்யிறோம். எங்களுக்கும் ஆள் பத்தல. நீ பாவம் பார்த்து அவுத்துறாதே” என்றார் மிஸ்ஸி.

நானும் சரி என்றுதான் நினைத்தேன். பாதுகாப்புக்குத்தானே என்று.

ஆனால் காலையில் நான் பார்த்த நீங்கள் வேறு ஆள். கீரை ஆய்வீர்கள், சமையல் கட்டில் நுழைந்து சாம்பாரில் உப்பு இல்லை என்று சண்டை போடுவீர்கள், பக்கத்துக் கட்டிலில் இருக்கும் சீனப் பாட்டியின் போர்வையை இழுத்துச் சரிசெய்வீர்கள். நீங்கள் பேருந்து உரிமம் எடுக்கப் போன கதையை நாள்தோறும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வீர்கள். “டெஸ்ட்டு எடுக்கிற ஆளு சிரிக்கிறான். எஸ்டேட்டு பொம்பளைக்கு பஸ்ஸான்னு கேக்கிறான். நான் பதிலே பேசல. ஏறி உக்காந்து ஸ்டார்ட் பண்ணிட்டேன். அப்புறம் அவன்தான் கம்பியப் புடிச்சுக்கிட்டு, மெதுவா போம்மா, மெதுவா போம்மாங்கிறான்!” சொல்லிவிட்டுத் தொடையில் தட்டிச் சிரிப்பீர்கள். நான் ஒவ்வொரு முறையும் சிரித்திருக்கிறேன்.

மாலையில் கைலியை எடுத்து வருவார்கள். நீங்கள் கத்துவீர்கள். நாற்காலியைத் தரையோடு இழுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகரப் பார்ப்பீர்கள். “புள்ளைங்க தனியா நிக்குது, இருட்டிடும், எவனாச்சும் வந்து வம்பு பண்ணுவான்” என்று கெஞ்சுவீர்கள். கடைசியில் அசதியில் தலை தொங்கிவிடும். சில நாள் உடையிலேயே சிறுநீர் போய்விடும். அப்போது நீங்கள் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டீர்கள். பேருந்தைக் கிளப்பிக்கொண்டு போன அக்கா வெட்கப்பட்டு உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

ஒருநாள் முடிச்சை அவிழ்த்துவிட்டேன். மிஸ்ஸி ஓடிவந்து மறுபடி கட்டினார். “உனக்கு சொன்னா புரியாதா? விழுந்தா யாரு பதில் சொல்றது?” என்றார். மறுநாளும் அவிழ்த்தேன். “இன்னொரு தடவ செஞ்சே, உள்ள வராதே” என்றார்.

மூன்றாம் முறை அவிழ்க்கவில்லை. உங்கள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, துப்பட்டாவை இடுப்பில் சுற்றி, அங்கே வேலை செய்த இந்தோனேசியச் சகோதரியிடம் பின்னால் முடிச்சுப் போடச் சொன்னேன். விளையாட்டு என்று நினைத்து அவர் சிரித்துக்கொண்டே கட்டினார்.

“என்ன நாடகம் இது?” என்று கேட்டார் மிஸ்ஸி.

“அக்காவ எப்ப அவுக்கிறீங்களோ, அப்ப என்னையும் அவுத்து வுடுங்க மிஸ்ஸி.”

முதலில் அது எனக்கு வீராப்பாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் முதுகு வலித்தது. காலில் கொசு கடித்தது, குனிய முடியவில்லை. பிறகு சிறுநீர் முட்டியது. என்னை அவிழ்க்கச் சொல்லி நான் கேட்டிருக்கலாம். கேட்டால் உடனே அவிழ்த்திருப்பார்கள். நீங்கள் கேட்டால் அவிழ்க்கமாட்டார்கள். அது உறைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்து, “உன்னையும் புடிச்சுக் கட்டிட்டானுங்களா? அழாத. ரெண்டு பேரும் சேந்து போயிறலாம்” என்றீர்கள்.

மிஸ்ஸி வந்து இருவரையும் அவிழ்த்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. “என்னால முடிவு பண்ண முடியாதும்மா. அவங்க பையன் சரின்னு சொல்லட்டும், நீ கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போ” என்றார்.

மறுநாள் பீடோங்கில் உங்கள் மகனின் லாரிப் பட்டறைக்குப் போனேன். அண்ணன் ஒரு லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கையில் இருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நீ யாரு எனக்கு வந்து சொல்றதுக்கு? முச்சந்தியில லாரிக்கு நடுவுல எங்கம்மா நின்னுச்சு. நான்தான் போயித் தூக்கிட்டு வந்தேன். பெத்த தாயைக் கட்டி வைங்கன்னு வாயால சொன்னவன் நான். அது எப்புடி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாதுண்ணே. ஆனா கட்டி வச்சா எப்படி இருக்கும்னு தெரியும். நேத்து நானும் உக்காந்து பார்த்தேன்.”

அவர் மறுபடி லாரிக்கு அடியில் போய்விட்டார். நான் தோற்றுப்போனதாக நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

ஆனால் அடுத்த நாள் மாலை அவர் வந்தார். ஞாயிறு காலைகளில் மட்டுமே வருகிறவர் நீங்கள் கட்டுண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததே இல்லை. கூடத்து வாசலில் நின்று, நீங்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு நகர்வதைப் பார்த்தார். கிட்டே வந்து உங்களுக்குப் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தார்.

“நீ எந்த ஸ்டாப்புப்பா?” என்று அவரைக் கேட்டீர்கள்.

“உங்க கூடத்தான் வரேன்” என்றார் அவர்.

மூன்று பேரும் பேருந்து நிறுத்தம்வரை நடந்தோம். அங்கே நிழலில் உட்கார்ந்தீர்கள். தொழிற்சாலைப் பேருந்து வந்தது. நேபாளத்துப் பெண்களும் இந்தோனேசியப் பெண்களும் இறங்கினார்கள். நீங்கள் எழுந்து நின்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தீர்கள். “ஏன் இவ்ளோ லேட்டு? நேரா வூட்டுக்குப் போங்க” என்று தமிழில் அதட்டினீர்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒருத்தி சிரித்துக்கொண்டே வந்து, “பாய்க், மாச்சிக்”, சரி அத்தை, என்று மலாயில் சொல்லி உங்கள் கையைத் தொட்டுவிட்டுப் போனாள். கடைசிப் பெண் சந்தில் திரும்பியதும், “ம், எல்லாம் போயிருச்சு. வா போலாம்” என்று நீங்களாகவே இல்லத்தை நோக்கி நடந்தீர்கள். அன்று இரவு முழுத் தட்டுச் சோறும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினீர்களாம். மறுநாள் மிஸ்ஸி நம்பமுடியாமல் சொன்னார்.

அதன் பிறகு உங்களைக் கட்டவில்லை. தினமும் நான் கூட்டிப்போனேன். முடிந்தபோது அண்ணனும் வந்தார். அந்தப் பெண்கள் உங்களுக்குப் பழகிவிட்டார்கள். பிசாங் கோரேங், பொரித்த வாழைப்பழம், வாங்கி வந்து கொடுப்பார்கள். “வேல முடிஞ்சு வந்த புள்ளைங்க நீங்க தின்னுங்கடி” என்று அவர்கள் கையிலேயே திணிப்பீர்கள்.

நீங்கள் விழுந்த அந்த நாளையும் எழுதிவிடுகிறேன். மழை தூறி நின்றிருந்தது. பேருந்து சற்றுத் தள்ளி நின்றதால் நீங்கள் வேகமாக அடியெடுத்து வைத்தீர்கள். உங்கள் கை என் பிடியில்தான் இருந்தது. ஈரத்தில் வழுக்கிப் போய்விட்டது. நீங்கள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனையில் சளி கட்டி, மூச்சு வாங்கி, சில வாரங்களில் போய்விட்டீர்கள்.

சாவு வீட்டில் நான் நுழைந்ததும் “இந்தப் பொண்ணுதான்” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அம்மா என் கையைப் பிடித்து, “வா, போயிறலாம்” என்று இழுத்தார். நான் போகவில்லை. உங்களைக் கொல்லைப்புறம் வழியாக வந்து பார்த்துவிட்டுப் போக நான் என்ன தப்பு செய்தேன்? உங்கள் நாத்தனார் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். “பேசாம கட்டி வச்சிருந்தா இன்னும் நாலு வருசம் இருந்திருப்பாளே. உனக்கு எதுக்கு இந்த வேல?”

“நாலு வருசமும் அந்த நாற்காலியிலயா ஆண்ட்டி?” என்று கேட்டேன்.

“பாரு வாய!” என்று அவர் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். அப்போது உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்து வந்து எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றார்.

“கட்டச் சொன்னதும் நான்தான், அவுத்ததும் நான்தான். கேக்கிறதுன்னா என்னையக் கேளுங்க. அந்தப் புள்ள மேல யாரும் வாய வைக்கக் கூடாது.”

என்னைக் கூட்டிப்போய் உங்கள் அருகில் உட்காரவைத்தார். அம்மாவும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று உங்களை வெளியே எடுக்கும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை.

காரியங்கள் முடிந்த கையோடு மறுபடி இல்லத்துக்குப் போனேன். மிஸ்ஸி என்னைத் திருப்பி அனுப்பவில்லை. வழுக்காத செருப்புகள் வாங்கி வைத்திருந்தார். நடக்கக்கூடியவர்களை மாலையில் வளாகத்துக்குள் நடக்கவிட ஆரம்பித்தார். எல்லாரையும் அல்ல. இன்னும் சிலரைக் கட்டத்தான் செய்கிறார்கள். விடுமுறையில் போகும்போதெல்லாம் நான் அவருடன் சண்டை போடுகிறேன். அவரும் “வந்துட்டா பாரு வக்கீலு” என்று திட்டிக்கொண்டே டீ ஊற்றிக் கொடுக்கிறார்.

என் கை வழுக்கியதை நினைத்து நிறைய அழுதிருக்கிறேன் அக்கா. முடிச்சை அவிழ்க்கச் சொல்லி நின்றதற்காக ஒருநாளும் அழுததில்லை.

தாதியர் கல்லூரி நேர்காணலில் எதற்காக இந்த வேலைக்கு வர ஆசை என்று கேட்டார்கள். எல்லாரும் மனப்பாடம் செய்து வந்த பதிலைத்தான் நானும் வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் உங்கள் கதைதான் வந்தது. விழுந்ததையும் மறைக்காமல் சொன்னேன். மேசைக்குப் பின்னால் இருந்த மூத்த பெண் அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

“நாளைக்கு உன் வார்டில் இதேபோல ஒருவர் இருந்தால் என்ன செய்வாய்?”

இடம் கிடைக்காது என்று தெரிந்தேதான் சொன்னேன். “அவிழ்த்துவிடச் சொல்லிப் போராடுவேன், புவான். அவர் கையை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வேன்.”

இடம் கொடுத்தார்கள். கொடுக்காமல் போயிருந்தாலும் வேறு பதில் சொல்லியிருக்கமாட்டேன்.