ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு குடித்தனம்

என்னங்க,

"ஒரே வீட்ல ரெண்டு பேர் பேசிக்காமலே இருந்தா, அது யாரோட வீடும்மா?" என்று நம் மகள் ஐந்து வயதில் கேட்டாள். மூன்று நாளாக உங்கள் மௌன விரதம் நடப்பதால் நினைவு வந்தது.

"அந்தக் கிழட்டு கம்ப்யூட்டர எடைக்குப் போடு, இல்ல எல்லாத்தையும் அழிச்சிட்டு என்னமோ பண்ணிக்கோ" என்றீர்களே, இரண்டாவதைச் செய்யத்தான் உட்கார்ந்தேன். அதன் சொற்ப மெமரிக்குத் தோதாக, விண்டோஸுக்குப் பதிலாகப் பளு இல்லாத ஒரு லினக்ஸையும் தேர்ந்தெடுத்தேன். அழிக்குமுன் உள்ளே பார்த்தால் "அத்தை குரல்" என்று ஒரு ஃபோல்டர். போன் உடைந்து, செத்துப்போன என் அம்மா பேசியதெல்லாம் போயேபோச்சு என்று நான் அழுதேனே, அத்தனையையும் மீட்டு வைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருந்திருக்கிறீர்கள். சொன்னால் வாயா தேய்ந்துவிடும்?

அதனால் அழிக்கவில்லை. டிஸ்க்கைப் பிரித்து, ஒரு பாதியில் லினக்ஸை ஏற்றி, மறு பாதியில் உங்கள் விண்டோஸை, நீங்கள் தோற்ற நானூறு செஸ் ஆட்டங்களோடு அப்படியே விட்டிருக்கிறேன். ஆன் செய்தால் இரண்டு பெயர் வரும். பத்து நொடிக்குள் கீழே உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். தவறினால் என்னுடைய லினக்ஸ் திறந்துகொள்ளும். அது உங்களைவிடச் சீக்கிரம் எழுந்துவிடுகிறது.

நான் வெளியே கிளம்புகிறேன். சாப்பாடு மேசையில். சூடு பண்ணத் தெரியும் என்று நம்புகிறேன்.

பி.கு.: செருப்பு மாட்டிய பிறகு திரும்பி வந்து, உங்கள் விண்டோஸையே மேலே ஏற்றிவிட்டேன். நீங்கள் ஒன்றும் தட்ட வேண்டாம், அதுவே திறந்துகொள்ளும். கடவுளைத் தவிர யாரும் பார்க்கவில்லை.