கடற்கரை ஒழுங்கையில் யாருடைய வீடு

புதன்கிழமை இரவு.

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன்.

சுனாமிக்கு முன் எங்கள் கடற்கரை ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், யார் யார் இருந்தார்கள் என்று நான் கீறிய வரைபடத்தை டீச்சர் காலையில் திருப்பித் தந்துவிட்டார். ஒரே வீட்டுக்கு மூன்று சொந்தக்காரர்! நாளைக்குள் திருத்தாவிட்டால் கண்காட்சியில் வைக்க மாட்டாராம்.

பள்ளிவாசலடியில் நான் விசாரித்தபோது மூன்று பேர் அதைத் தங்கள் வீடு என்றிருந்தார்கள். உம்மாவிடம் சொன்னேன். உம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மூணு பேரும் ஒரே வயித்துல பொறந்த காக்கா தம்பிமார், புள்ள. அது அவங்கட உம்மாட ஊடு. கலியாணம் முடிச்சு பொண்டாட்டிட ஊட்ட போற ஆம்புளைக்கு ஏது சொந்த ஊடு? பொம்புளைகளிட்டக் கேளு."

பின்னேரம் கேட்டேன். பெண்களின் பெயர்களை எழுத எழுத வீடுகள் தானாக இடத்தில் வந்து உட்கார்ந்தன. பக்கத்து வீட்டு ஸீனத் மாமி, அலை கொண்டுபோன தன் வீட்டை வரைபடத்தில் விரலால் தொட்டார். "கிணறு மத்தப் பக்கம்டி" என்று அதட்டினார். உடனே மாற்றினேன்.

வரைபடம் முடிந்துவிட்டது! ஒரு வீடும் விடுபடவில்லை.

எங்கள் பழைய வீட்டில் உம்மாவின் பெயரைப் பார்த்த வாப்பா, "அப்ப நான் ஆரு, வாடகைக்காரனா?" என்று கேட்டுவிட்டு லைட்டை அணைத்துவிட்டார்.