சட்டைப்பையில் இருந்த கடிகாரம்

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம். உடம்பைப் பொறுத்தவரை அது சரிதான். நீ கொடுத்தனுப்பிய தைலத்தில் முழங்கால் வலி பாதி குறைந்திருக்கிறது.

நினைத்தால் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று உனக்குத் தோன்றும். சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை உன்னைக் கூப்பிட்டேன். நீ "சொல்லுங்கப்பா" என்பாய். உடனே அங்கே மழையா, பாப்பா சாப்பிட்டாளா என்று எதையாவது கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். நாக்கு எழவில்லை. இப்போது கிடங்கு வாசலில் லாரி வரிசையில் நிற்கிறேன். சரக்கு இறங்க மாலையாகிவிடும். ஸ்டீயரிங் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

சுற்றி வளைக்கவில்லை. உன் அம்மாவின் கடிகாரத்தை எடுத்தது நான்தான்.

போன மாதம் உன் வீட்டில் தங்கியிருந்தபோது ஒருநாள் சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டது. ஊசிநூல் தேடி, பாப்பாவின் அறையில் இருக்கும் மேசை இழுப்பறையைத் திறந்தேன். பழைய சார்ஜர் வயர்கள், தீர்ந்துபோன பேட்டரிகள், மின்கட்டண ரசீதுகள். அவற்றுக்குள் சிக்கிக்கொண்டு அது கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போகும்போது உன் அம்மா வெள்ளைச் சட்டையில் தலைகீழாகக் குத்திக்கொள்வாளே, அந்த வெள்ளிக் கடிகாரம். ஊக்கு கறுத்திருந்தது. வயர் முடிச்சிலிருந்து அதைப் பிரித்து எடுத்தேன். திரும்ப உள்ளே வைக்க மனசு வரவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கேட்டிருந்தால் நீ கொடுத்திருப்பாய். கேட்க எனக்கு வாயில்லை. அம்மா போன பிறகு வீட்டைக் காலி செய்த அன்று நீ ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்து "இது உங்களுக்கு வேணுமாப்பா?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "லாரிக்காரனுக்கு எதுக்கும்மா சாமான், எல்லாத்தையும் நீயே வெச்சுக்க" என்று பெரிய துறவி மாதிரிக் கையை வீசினேன். அப்படியும் நீ அவளுடைய கம்பளிச் சால்வையை என் பையில் திணித்தாய். அதையும் வழியில் எங்கேயோ தொலைத்துவிட்டேன் என்று வந்து நின்றேன். அப்போது நீ, "உங்ககிட்ட குடுத்தா எதுவும் தங்காதுப்பா" என்றாய். கோபத்தில் சொல்லவில்லை, அலுப்பில் சொன்னாய். அது இன்னும் சுட்டது.

சால்வை தொலையவில்லை. என்னோடு லாரி ஓட்டுகிற சீரகத்தை உனக்குத் தெரியும். ஆள் அந்த அளவுதான் இருப்பான், ஆனால் எங்கள் கம்பெனியிலேயே பெரிய வண்டி அவனுடையது. அவன் பெடலை எட்டுவதற்குத் தலையணை வைத்து ஓட்டுகிறான் என்று நான் சொன்ன கதைக்குப் பாப்பா உருண்டு உருண்டு சிரித்தாள். அந்தச் சீரகத்துக்கு மலைப்பாதையில் காய்ச்சல் கண்டு உடம்பு தூக்கிப்போட்டது. போர்த்த வேறொன்றும் இல்லை. சால்வையைப் போர்த்தி என் வண்டியிலேயே படுக்கவைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அவன் எழுந்து நடமாடிய பிறகு, கொடுத்த துணியைத் திருப்பிக் கேட்பதா என்று இருந்துவிட்டேன். அவன் அதைத் துவைத்து மடித்துத் தன் சீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறான். இதை உன்னிடம் சொல்வதைவிடத் தொலைத்துவிட்டேன் என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. ஊராருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான் என்று நீ நினைப்பாயோ என்று பயம்.

எங்கள் ஆட்களில் எல்லோரும் எதையாவது வைத்திருக்கிறார்கள். நாள் தவறாமல் பேப்பரை உரக்கப் படிப்பதால் வாத்தியார் என்று ஒருவனைக் கூப்பிடுகிறோம். அவன் இடித்துப்போட்ட தன் வீட்டின் கதவு எண் தகட்டை டேஷ்போர்டில் திருகி வைத்திருக்கிறான். வண்டிகளை ஒதுக்கி நிறுத்திச் சேர்ந்து சமைக்கிற நேரத்தில் யாராவது புதிதாக வந்தால், அவரவர் தங்கள் பொருளை எடுத்துக் காட்டுவார்கள். நான் மட்டும் வெங்காயம் நறுக்குவதில் மும்முரமாக இருப்பேன். காட்ட என்னிடம் எதுவுமில்லை. கடிகாரத்தோடு திரும்பிய வாரம், நானும் எடுத்துக் காட்டினேன். அதை வைத்துக்கொண்டு உன் அம்மா எத்தனை பேருக்கு நாடி பிடித்துப் பார்த்திருப்பாள் என்று சொன்னேன். நான் டிரிப் முடிந்து வந்ததும் தண்ணீர்கூடக் கொடுக்காமல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாளே, "ம், ஓடுது, உள்ள வாங்க" என்பாளே, அதையும் சொன்னேன். எல்லோரும் அதைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. திருடிய பொருள் என்பது ஞாபகத்திலேயே இல்லை.

அதற்கு அடுத்த நாள்தான் உன் போன் வந்தது.

நீ அழுதுகொண்டே பேசினாய். "அம்மாவோட கடிகாரம்ப்பா, காணோம்ப்பா" என்றாய். ரிப்பேருக்குக் கொடுக்க எடுக்கப் போனாயாம், இழுப்பறையில் இல்லையாம். அதைப் பார்த்தாலே அழுகை வருகிறது என்றுதான் கண்ணில் படாத இடத்தில் போட்டு வைத்திருந்தாய் என்பதை அன்றுதான் சொன்னாய். குப்பையோடு குப்பையாக வீசி வைத்திருக்கிறாள் என்று உன்மேல் எனக்கு உள்ளுக்குள் ஒரு கோபம் இருந்தது. மகளே, அது எவ்வளவு கேவலமான கோபம் என்று அப்போது புரிந்தது.

வீட்டு வேலைக்கு வரும் அந்த அம்மாதான் எடுத்திருக்க வேண்டும் என்றாய். நீயும் மாப்பிள்ளையும் கேட்டீர்களாம். அவள் ஒன்றும் பேசாமல் தன் பையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டினாளாம். இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டீர்களாம்.

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு மறக்கவில்லை. கடிகாரம் என் சட்டைப்பையில் இருந்தது. நான் சொன்னேன்: "சரி விடும்மா, இந்தக் காலத்துல யாரையும் நம்ப முடியல."

எடுத்ததைக்கூட ஏதாவது ஒரு காரணம் சொல்லி எனக்குள் சமாளித்துக்கொண்டிருந்தேன். என் பொண்டாட்டி பொருள், என் மகள் வீடு என்று. இந்த வார்த்தைக்குச் சமாளிப்பு இல்லை. நான் தங்கிய நாட்களில் என் கிரீஸ் படிந்த சட்டையை முகம் சுளிக்காமல் தனியாக ஊறவைத்துத் துவைத்தவள் அவள். அறுந்த பொத்தானைக் கடைசியில் தைத்துக் கொடுத்ததும் அவள்தான். அந்தச் சட்டையின் பையில்தான் கடிகாரம் இருந்தது.

சில நாள் யாரிடமும் சொல்லாமல் வண்டி ஓட்டினேன். கியர் மாற்றும்போதெல்லாம் அது நெஞ்சில் இடித்தது. கடைசியில் சாப்பிடும்போது சீரகத்திடம் சொன்னேன். அவன் வாயாடி. எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்து என் பாரத்தை இறக்கிவிடுவான் என்று நினைத்தேன். பாதி ரொட்டியைத் தட்டிலேயே போட்டுவிட்டான். "நமக்கு இது தெரியாதா?" என்று கேட்டான். "கிடங்குல ஒரு மூட்டை கொறஞ்சா மொதல்ல நம்ம சட்டைப்பையத்தான தடவிப் பாக்குறான். போன வருஷம் உன்னையே கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சு செருப்பக்கூடக் கழட்டச் சொன்னாங்களே. அன்னிக்கு ராத்திரி நீ சாப்பிடலயேப்பா" என்றான்.

அதை உன்னிடம் நான் சொன்னதில்லை. இப்போது தெரிந்துகொண்டாய்.

பிறகு அவன் எழுந்துபோய்ச் சால்வையை எடுத்துவந்து என் சீட்டில் வைத்தான். "கொண்டுபோய்க் குடுக்கறதுன்னா எல்லாத்தையும் சேத்துக் குடுத்துடு" என்றான். நான் அதைத் திரும்பவும் அவன் வண்டியிலேயே வைத்துவிட்டு வந்தேன். அது அவனிடமே இருக்கட்டும். அம்மா இருந்தால் அவளும் அதைத்தான் சொல்வாள், நீயும் மறுக்கமாட்டாய் என்று நினைக்கிறேன்.

நேற்று உன் ஊர் வழியாகத்தான் வந்தோம். உன் குடியிருப்பு வாசல்வரை வந்தேன். பால்கனியில் பாப்பாவின் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. படியேறக் கால் வரவில்லை. வாட்ச்மேனிடம் அந்த அம்மாவின் வீட்டை விசாரித்துக்கொண்டு அங்கே போனேன். சலவைக் கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில், மாடியில் ஒற்றை அறை. படி அவ்வளவு குறுகல், என் தோள் இரண்டு பக்கமும் உரசியது. அவள் ஒரு சாப்பாட்டுக் கடைக்காக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மூட்டை மூட்டையாக வெங்காயம். அதனால் அவள் கண்ணைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

உட்காருங்கள் என்று சொல்லவில்லை. நின்றுகொண்டே, "கடிகாரத்தை நான்தாம்மா எடுத்தேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

நான் இழுப்பறையை மூடும்போது அவள் வாளியோடு வாசலில் நின்றிருக்கிறாள். "உங்க வீட்டம்மா பொருளு, நீங்க எடுக்கறீங்க, அதுல எனக்கென்னன்னு போயிட்டேன்" என்றாள். பிறகு ஏன் மாப்பிள்ளை கேட்டபோது சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சொன்னா நம்புவாங்களா ஐயா? பெரியவர் மேல பழி போடறான்னு அதுக்கும் சேத்துத்தான் வாங்கிக்கட்டியிருப்பேன். சரி, பெத்த அப்பா, ஒரு போன் போட்டு அவரே சொல்லிடுவாருன்னு இருந்தேன். இன்னிக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு இருந்தேன்" என்றாள்.

உன் போன் வந்தபோது நான் என்ன சொன்னேன் என்பது அவளுக்குத் தெரியாது. அதையும் சொல்லிவிட்டேன். அவள் திரும்பவும் வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

"என் மககிட்ட எல்லாத்தையும் சொல்றேம்மா, அவளே வந்து உன்னக் கூப்பிடுவா, வேலைக்கு வந்துடு" என்று கெஞ்சினேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பெரியவங்க நீங்க உங்களுக்குள்ள பேசித் தீத்துக்குவீங்க. நான் பையக் கொட்டினது பாப்பா முன்னாடி. சீப்பு, மாத்திரை, பாப்பா எனக்கு வரைஞ்சு குடுத்த படம், எல்லாம் தரையில கெடந்துச்சு. நீ எடுத்தியான்னு பாப்பா கேட்டா. யாரும் பதில் சொல்லல. அந்தப் புள்ள மனசுல நான் இன்னும் திருடிதானே? அதுக்கு ஒரு வழி பண்ணுங்க. வேலைக்கு வரதா வேண்டாமான்னு அப்புறம் நான் யோசிக்கிறேன்."

இறங்கி வரும்போது, "படி பாத்து, ஐயா" என்றாள். அவ்வளவுதான்.

மகளே, உன்னை எனக்குத் தெரியும். இதைப் படித்ததும் என்னைக் காப்பாற்ற ஒரு பொய்யைத் தேடுவாய். கட்டிலுக்கு அடியில் கிடைத்தது, ரிப்பேர் கடையில் இருந்தது என்று மாப்பிள்ளையிடமும் பாப்பாவிடமும் சொல்லலாம் என்று தோன்றும். வேண்டாம். மாப்பிள்ளைக்கு இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடு. என்னைப் பற்றி அவர் என்ன நினைத்தாலும் அது நியாயம்தான். பாப்பாவிடம் மட்டும் நீங்கள் யாரும் சொல்ல வேண்டாம். அதை நான் சொல்ல வேண்டும்.

சீரகம் இன்று வெறும் வண்டியோடு உன் ஊர்ப் பக்கம் திரும்புகிறான். கடிதத்தையும் கடிகாரத்தையும் அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். நானே கொண்டுவரலாம்தான். ஆனால் என் கையில் இருந்தால் அதற்குள் மனசு மாறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அவனுக்கு ஒரு டீ போட்டுக் கொடு. ரொம்பக் கூச்சப்படுவான், உள்ளே கூப்பிட்டு உட்காரவை.

நீ அந்த அம்மாவின் வீட்டுக்குப் போ. மாப்பிள்ளை வந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போ. வேலைக்குக் கூப்பிடப் போகாதே, மன்னிப்புக் கேட்கப் போ. நீங்கள் செய்த தப்பு என்னால் வந்தது, ஆனாலும் போய்க் கேட்கத்தான் வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் உன் வீட்டுக்கு வந்து ஒரு நிமிஷம் நிற்கச் சொல்லி அவளைக் கேள். அவள் முன்னால் நான் பாப்பாவிடம் சொல்ல வேண்டும்.

என்ன வார்த்தையில் சொல்வது என்று வண்டி ஓட்டும்போது சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். தாத்தா எடுத்தேன் என்று ஆரம்பிக்கிறேன், அதற்கு மேல் வரவில்லை. அன்றைக்கு வரும் என்று நினைக்கிறேன். அதன் பிறகு பாப்பா என் மடியில் ஏறாவிட்டாலும் நீ அவளை அதட்டாதே.

நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும். அதைச் சொல்ல எனக்கு இன்னும் உரிமை இருக்கிறது என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்கு நீச்சல் வகுப்பு இருக்கும். அன்றைக்கு ஒருநாள் மட்டும் அவளை எங்கேயும் அனுப்பிவிடாதே, அம்மா. நான் வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா