நீ வக்கீல் இல்லைன்னு கையெழுத்துப் போட்டேன்

பாப்பாவுக்கு,

அம்மா எழுதறேன். எனக்கும் உங்கப்பாவுக்கும் உடம்புக்கு ஒண்ணும் குறையில்லை, அவரோட முழங்கால் வலிகூட இந்த வாரம் கொஞ்சம் அடங்கியிருக்கு, நீயும் அங்க நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியா இருக்கணும். மனசைப் பத்தி மட்டும் கேக்காதே, அதைச் சொல்றதுக்குத்தான் இந்தக் கடுதாசி. போன்ல சொல்லலாம்னு ரெண்டு தடவை கூப்பிட்டேன், உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டியான்னு கேட்டுட்டு வெச்சுட்டேன், ரெண்டு தடவையும் நீ சாப்பிட்டேன்னுதான் சொன்னே. அதனால எழுதறேன். முழுசாப் படி, நடுவுல நிறுத்திட்டு போன் பண்ணாதே, என்னைத் திட்டறதையெல்லாம் சேர்த்து வெச்சுக் கடைசியில திட்டு.

பூசி மெழுகாம சொல்லிடறேன், நம்ம தெரு முனையில டெய்லர் அண்ணன் கடை போகப்போகுது, அதுக்குக் காரணம் நான். உன் பேரும் அதுல மாட்டிக்கிட்டிருக்கு. மூணு வாரமா இதை உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிச்சுக்கிட்டிருந்தேன்.

உனக்கு அந்த வேலை கிடைச்சப்ப நீ என்ன சொன்னே, வக்கீல் ஆபீஸ்ல வேலை, பேப்பரெல்லாம் தயார் பண்ணணும், ஃபைல் பார்க்கணும்னு சொன்னே. என் காதுல வக்கீல்ங்கிற வார்த்தை மட்டும்தான் விழுந்துச்சு. மறுநாள் கிளினிக்ல டோக்கன் குடுக்கற கையோட உன் கதையையும் சேர்த்துக் குடுத்தேன், காய்ச்சல்ல சுருண்டு உக்காந்திருந்த மனுஷங்களைக்கூட விடல, என் பொண்ணு வக்கீல் ஆயிட்டான்னு ஒரே தம்பட்டம். நீயும் போன்ல ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் செஞ்சே, அம்மா நான் வக்கீல் இல்லை, வக்கீலுக்குக் கூட இருந்து செய்யற வேலைன்னு. முதல் மார்க் வாங்கிட்டு வந்தாலும் ஏதோ சுமாரா எழுதினேன்மான்னு சொல்றவதானே நீ, அந்த மாதிரி அடக்கமாச் சொல்றேன்னு நானா நினைச்சுக்கிட்டேன். உங்கப்பா ஒரு நாள், அவ சொல்றதைத்தான் கொஞ்சம் காது குடுத்துக் கேளேன்னாரு. உங்களுக்கு என்ன தெரியும்னு அவர் வாயை அடைச்சேன். அவரும் வழக்கம்போல பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரா வெச்சுக்கிட்டாரு.

அதோட விட்டேனா, டெய்லர் அண்ணன்கிட்ட போய் உனக்கு ஒரு கறுப்புக் கோட்டு தைக்கச் சொன்னேன். வக்கீல்னா கோட்டு வேணுமே. உன் பழைய சட்டை ஒண்ணை அளவுக்குக் குடுத்தேன். உன் ஸ்கூல் யூனிஃபார்ம் எல்லாம் தெச்ச கையாச்சே அது, அவருக்கு என்னைவிடப் பெருமை. பாதி தெச்ச கோட்டை ஹேங்கர்ல மாட்டி, தெருவுக்குத் தெரியற மாதிரி கண்ணாடிக்குப் பின்னாடி தொங்கவிட்டுட்டாரு, பேன்ட் மடிக்க வர்றவங்ககிட்ட எல்லாம் இது நம்ம வக்கீலம்மா கோட்டு, தொடாதீங்கன்னு சொல்லுவாரு. நான் வேலைக்குப் போறப்பவும் வர்றப்பவும் அதைப் பார்த்துட்டுத்தான் போவேன். உண்மையைச் சொல்றேன் பாப்பா, அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.

அப்படி இருக்கறப்பதான் அவர் ஒரு கவரோட வீட்டுக்கு வந்தாரு. அந்தக் கட்டடத்துக்குச் சொந்தக்காரங்க, கடையைக் காலி பண்ணச் சொல்லி வழக்குப் போட்டிருக்காங்க, கோர்ட்ல இருந்து இன்ன தேதிக்கு வான்னு தாள் வந்திருக்கு. மேல முத்திரை எல்லாம் இருந்துச்சு. பாப்பாகிட்ட கேட்டுச் சொல்லும்மான்னு என் கையில குடுத்தாரு. எனக்குப் பாதி புரிஞ்சுது, பாதி புரியல. புரியலைன்னு சொல்ல என் வாய்க்கு வருமா. நீ ஒரு தடவை சொன்னியே, ஒரு பெரியவர் நோட்டீஸைத் தூக்கிக்கிட்டு நடுங்கிக்கிட்டே உங்க ஆபீஸுக்கு ஓடி வந்தாரு, உங்க பெரிய வக்கீல் சிரிச்சுக்கிட்டு முதல் நோட்டீஸ் சும்மா மிரட்டறதுக்கு, பதறாதீங்க, நிதானமா பதில் போடலாம்னு சொன்னாருன்னு. அது டக்குனு ஞாபகம் வந்துச்சு. அதையே எடுத்து விட்டேன், முதல் நோட்டீஸுக்கெல்லாம் யாரும் ஓட மாட்டாங்கண்ணா, அடுத்தது வரட்டும் பார்த்துக்கலாம்னு. பாப்பா சொன்னாளான்னு கேட்டாரு. ஆமாண்ணா, பாப்பாதான் சொன்னான்னேன். உன்கிட்ட நான் ஒரு வார்த்தை கேக்கவே இல்லை. அவர் பெருமூச்சு விட்டுட்டு அந்தத் தாளை நாலா மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு. உன் கதையில வந்தது எதிராளியோட வக்கீல் அனுப்பின நோட்டீஸ், இவர் கையில இருந்தது கோர்ட்டே கூப்பிட்ட தாள்னு இப்ப எனக்குத் தெரியும். அப்ப எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது.

கோர்ட் சொன்ன அந்த நாள்ல அவர் போகல. இவர் தரப்புல யாருமே வரலைன்னு அவங்க சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்பு ஆயிடுச்சு, முப்பது நாள்ல கடையைக் காலி பண்ணணும்னு. இருபத்திரண்டு வருஷக் கடை பாப்பா. ரெண்டு மெஷின், அந்தப் பெரிய கட்டிங் மேஜை, அதுல ஒரு ஓரம் உக்காந்துதான் அண்ணி பட்டனுக்குக் காஜா எடுப்பாங்க, அவங்களுக்கு வேற போக்கிடம் கிடையாது.

தீர்ப்புத் தாளை எடுத்துக்கிட்டு அவர் கிளினிக்குக்கு வந்தாரு. நேரா என்கிட்ட வந்திருக்கலாம், மனுஷன் வரிசையில நின்னு டோக்கன் வாங்கிக்கிட்டுப் போய் பெஞ்சில உக்காந்தாரு, உடம்புக்குத்தான் வந்திருக்காருன்னு நான் நினைச்சேன். நம்பரைக் கூப்பிட்டதும் டாக்டர் ரூமுக்குப் போகாம என் மேஜைக்கு முன்னாடி வந்து நின்னு, பாப்பாகிட்ட இதை ஒரு தடவை காட்டிடும்மா, எங்கயோ தப்பு நடந்திருக்குன்னாரு. என்மேல ஒரு சொட்டு சந்தேகம் இல்லை. அங்கயே சொல்லிட்டேன், அண்ணா அவ வக்கீல் இல்லை, அவ எதுவும் சொல்லல, நான்தான் சொன்னேன்னு. அவர் அந்த டோக்கனை மேஜைமேல வெச்சுட்டுப் போயிட்டாரு. சாயந்தரம் அண்ணி வந்து வாசல்ல நின்னு கத்தினது தெரு முழுக்கக் கேட்டுச்சு. உன் பொண்ணைத் தூக்கி வெச்சு ஆடறதுக்கு எங்க பொழப்புதான் கிடைச்சுதான்னு கேட்டாங்க. எனக்கு மூக்குமேல கோபம் வரும்னு உனக்குத் தெரியும், அன்னைக்கு வரல. உங்கப்பா பின்னாடி வந்து நின்னாரு, சப்பைக்கட்டு கட்டாம கேட்டுக்கோன்னாரு, கேட்டுக்கிட்டேன்.

நானும் உங்கப்பாவும் அவங்களை ஒரு வக்கீல்கிட்ட கூட்டிட்டுப் போனோம். ரெண்டாம் மாடி, சின்ன ஆபீஸ், சுவத்துக்குச் சுவர் ஃபைல், நாற்காலி மேலயும் ஃபைல், உக்கார ஒண்ணை எடுத்துத்தான் இறக்கி வெக்கணும். வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி முப்பது நாளுக்குள்ள மனுப் போட்டுக் கேக்கலாம், ஆனா அன்னைக்கு ஏன் வரலைன்னு ஒரு காரணம் எழுதிக் குடுக்கணும்னாரு வக்கீல். படியிறங்கறப்ப அண்ணி என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. டாக்டர் மருந்து எழுதற பேடு உன் மேஜையிலதானே இருக்கு, அன்னைக்கு இவருக்குக் காய்ச்சல்னு ஒரு தாள் கொண்டுவா, உன் பொண்ணு பேரும் வராது, எங்க கடையும் பொழைக்கும்னாங்க. மறுநாள் நான் அந்தப் பேடுல இருந்து ஒரு தாளைக் கிழிச்சுக் கைப்பையில வெச்சேன் பாப்பா. இதை உன்கிட்ட மறைக்கணும்னு இருந்துச்சு, மறைக்கல. உன் பேர் வராதுங்கிற ஒரு வார்த்தைக்காகத்தான் கிழிச்சேன்.

அந்தத் தாளோட வக்கீல் ஆபீஸ்ல போய் உக்காந்தேன். அங்க வக்கீலுக்கு உதவியா ஒரு பொண்ணு, உன் வயசுதான் இருக்கும், மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு, பென்சிலைக் கொண்டையில சொருகிக்கிட்டு இருந்தா. எல்லாத்தையும் அவதான் கேட்டு எழுதினா. அந்த நாள் எங்க இருந்தீங்கன்னு டெய்லர் அண்ணனைக் கேட்டா. அண்ணி சொல்லிக் குடுத்த மாதிரி காய்ச்சல்னு ஆரம்பிச்சாரு, அதுக்குமேல வாய் வரல. யாராவது உங்களை அன்னைக்குப் பார்த்தாங்களான்னு கேட்டா. மனுஷனுக்குப் பொய் சொல்லத் தெரிஞ்சாதானே. தெருவே பார்த்துச்சும்மா, கண்ணாடிக்குப் பின்னாடி நாள் முழுக்க மெஷின்ல இருந்தேன், இவங்க பொண்ணோட கோட்டுக்குக் கை வெச்சுத் தெச்சேன்னாரு. அந்தப் பொண்ணு எழுதறதை நிறுத்திட்டு என்னைப் பார்த்தா. எனக்கு அந்த நாற்காலியிலேயே செத்துடலாம் போல இருந்துச்சு. நான் சொல்றேன் எழுதிக்கோம்மான்னு முதல்ல இருந்து எல்லாத்தையும் சொன்னேன். கிழிச்ச தாளை அப்புறம் டாக்டர்கிட்டயே திருப்பிக் குடுத்தேன், ஏன் எடுத்தேன்னும் சொன்னேன், அவர் இன்னும் என்னோட முகம் குடுத்துப் பேசல, பேடு இப்ப அவர் மேஜை டிராயர்ல இருக்கு.

அந்தப் பொண்ணைப் பத்தி உன்கிட்ட சொல்லணும். வக்கீல் மொத்தமா பத்து நிமிஷம் பேசியிருப்பாரு, மனுவைக் குடுக்கத் திங்கட்கிழமை வரைக்கும் நேரம் இருக்குன்னுட்டு வேற கேஸுக்குப் போயிட்டாரு. அவ காலண்டரை எடுத்து வெச்சுப் பென்சிலால ஒவ்வொரு நாளாத் தொட்டு எண்ணினா, ரெண்டு தடவை எண்ணினா. இவருக்குத் தீர்ப்புத் தாள் கிடைச்ச நாள்ல இருந்து எண்ணக்கூடாது, தீர்ப்பு சொன்ன நாள்ல இருந்து எண்ணணும், அப்படின்னா வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்னு ஓடிப்போய் அவர்கிட்ட சொன்னா. அவரே நெத்தியில அடிச்சுக்கிட்டாரு. அப்புறம் மூணு நாள் பார்க்கணுமே அவளை, பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டா, நகல் எடுத்தா, ஓட்டை போட்டுக் கட்டினா, ஒரு தேதி மாறியிருந்துச்சுன்னு கட்டினதைப் பிரிச்சுத் திரும்பக் கட்டினா. மத்தியானம் சாப்பிடக்கூட இல்லை. நீ இப்படித்தான் சாப்பிட்டேன்னு என்கிட்ட பொய் சொல்றியா? வெள்ளிக்கிழமை கோர்ட் மூடறதுக்கு முன்னாடி குடுத்துட்டாங்க. வர்ற வியாழக்கிழமை விசாரணை, அதுவரைக்கும் கடையைக் காலி பண்ண வேண்டாம்னு கோர்ட் சொல்லியிருக்கு, நானும் போய் நிக்கணும். திரும்ப எடுப்பாங்களா மாட்டாங்களான்னு யாருக்கும் தெரியாது.

நான் குடுத்தது பிரமாணப் பத்திரம்னு பேராம், கோர்ட்டுக்குச் சத்தியம் பண்ணிக் குடுக்கறது. என் மகள் வக்கீல் இல்லை, இந்த விஷயத்தில் அவள் எந்த ஆலோசனையும் சொல்லவில்லை, நான் அவள் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னேன்னு எழுதியிருக்கு. நீ எந்த ஆபீஸ்னு கேட்டாங்க, அதையும் எழுதிட்டாங்க. எதிராளி வக்கீல் அங்க கூப்பிட்டு விசாரிக்கலாமாம். உனக்கு ஆறு மாசம் முடிஞ்சாத்தானே வேலை நிரந்தரம், வக்கீல் இல்லாதவங்க யாருக்கும் யோசனை சொல்லக்கூடாதுன்னு உங்க ஆபீஸ்ல கறாரா இருப்பாங்க, அப்படிச் சொன்ன ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு நீதானே சொன்னே. அதை நினைச்சா எனக்குச் சோறு இறங்கல.

இன்னொண்ணு. என் மகள் அப்படின்னு எழுதி, என்ன வேலை பார்க்கறாங்கன்னு அந்தப் பொண்ணு கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல பாப்பா. உங்கப்பாவைப் பார்த்தேன், அவருக்கும் தெரியல. வக்கீல் இல்லைன்னு சத்தியம் பண்ண வந்திருக்கேன், என்னன்னு கேட்டா முழிக்கறேன். பரவாயில்லைம்மா அப்புறம் கேட்டுப் போட்டுக்கலாம்னு இடம் விட்டுட்டு மேல எழுதினா. பேப்பரைத் தயார் பண்ணுவா, ஃபைல் பார்ப்பா, வக்கீலுக்குக் கூட இருந்து செய்வான்னு நீ சொன்னதை எல்லாம் நான் யோசிச்சுக்கிட்டே அவ கையைப் பார்த்துக்கிட்டிருந்தேன். கடைசியில உன் வேலைக்கு என்னம்மா பேருன்னு கேட்டேன். சட்ட உதவியாளர்னா. அதையே அந்த இடத்துல எழுதும்மா, என் பொண்ணும் அதுதான்னேன். எழுதிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினா. ரெண்டு தடவை படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் டெய்லர் அண்ணன் கோட்டை நியூஸ்பேப்பர்ல சுத்திக் கொண்டுவந்து உங்கப்பா கையில குடுத்தாரு. என்னைப் பார்த்து, அளவு சரியில்லைன்னா பாப்பாவைச் சொல்லச் சொல்லு, பிரிச்சுத் தெச்சுத் தர்றேன், கடை இருந்தான்னாரு. அது பீரோவுல இருக்கு. கண்ணாடிக்குப் பின்னாடி இப்ப வெறும் ஹேங்கர்தான் தொங்குது.

பாப்பா, இதைப் படிச்சதும் உங்க ஆபீஸ் மேனேஜரம்மாகிட்ட நேராப் போய் நீயே சொல்லிடு, வேற யாரும் போன் பண்ணிச் சொல்றதுக்கு முன்னாடி. இந்தக் கடுதாசியையே காட்டு, எனக்கு வெக்கம் இல்லை, உன் அம்மா வாயாடின்னு அவங்க தெரிஞ்சுக்கட்டும். என்மேல எவ்வளவு கோபம் வேணா படு, வியாழக்கிழமை வரைக்கும் பேசாம இருந்தாலும் சரிதான், ஆனா மத்தியானம் மேஜையை விட்டு எழுந்து போய்ச் சாப்பிடு. நாள் எண்ணறப்ப நீயும் ரெண்டு தடவை எண்ணு, அப்படி எண்ணின ஒருத்தியாலதான் இங்க ரெண்டு மெஷின் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. நீ பார்க்கற வேலையில நல்ல பேர் எடுத்து நல்லா இருக்கணும், என்னால உனக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது, உங்கப்பாவும் இதையேதான் சொல்லச் சொன்னாரு.

இப்படிக்கு,
சட்ட உதவியாளரோட அம்மா