இருபது அங்குலமா, இருபத்திரண்டா?

ஒஷாவா
7 செப்டம்பர் 2025

அன்புள்ள தம்பி வாகீசனுக்கு,

போனில் கதைத்தால் உனக்குக் காது இரைகிறதாம், அதுதான் எழுதுகிறேன். உன் அக்கா கௌசிக்கு அது ஏதோ கிருமி என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் அப்படியே சொல்லு.

பழைய வேட்டைத் துவக்கை விற்றுவிட்டேன். அந்த நீட்டுக் குழல் மரக் கொப்பில் கொளுவினபடியால்தானே போன வருசம் வேட்டையில் அப்படி நடந்தது! புதிதும் தானாகக் குண்டு ஏறும் செமி ஓட்டோதான். குழல் இருபது அங்குலம் எடுக்கவா, இருபத்திரண்டு எடுக்கவா? பதினெட்டரைக்குக் கீழே போனால் இங்கே வேட்டைக்கு விடமாட்டார்கள். கட்டைக் குழல் என்றால் பற்றைக்குள் நுழைய லேசு. ஆனால் சத்தம் கூட. நீ என்ன சொல்கிறாய்?

கௌசியும் துவக்குப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய் லைசன்ஸ் எடுத்துவிட்டாள். நவம்பரில் மானுக்கு மூன்று பேருமாகப் போவோம்.

அன்பு அத்தான்,
இராஜரட்ணம்


சென் ஜேம்ஸ் ரவுண்
13 செப்டம்பர்

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம் கேட்டு ஒரு வரி இல்லை; துவக்குக்கு நீளம் கேட்கிறீர்கள். நல்லாயிருக்கு!

கொப்பாம்! உங்களுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பும் இருக்கவில்லை. வெடிக்காமல் தடுக்கிற சேவ்ரிப் பூட்டைப் போடாமல், விசையில் விரலை வைத்துக்கொண்டு நடந்தீர்கள். வெடித்த குண்டு என் தலைக்குப் பக்கத்தால் போனது. விழுந்து கிடந்து பார்க்கிறேன், அடுத்த குண்டு தானாக ஏறி நிற்கிறது, குழல் இன்னும் என்னைத்தான் பார்க்கிறது. "அத்தான், அங்கால திருப்புங்கோ!" என்று நான் கத்தினது எனக்கே கேட்கவில்லை.

சப்வேயில் தோள் முட்டினால் முன்பின் தெரியாதவனுக்கு நாலு தரம் 'சொறி' சொல்லி மன்னிப்புக் கேட்பீர்கள். எனக்கு அது வரவில்லை. அக்காவின் கையால் கணவாய்க் கறிதான் வந்தது. குடும்பத்துக்குள் சண்டை வேண்டாமென்று நானும் தின்றுவிட்டுச் சும்மா இருந்தேன்.

இனி இருக்கமாட்டேன். அக்காவை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் நடக்கப் போகிறீர்கள். நடந்ததை அவவுக்குச் சொல்லுங்கோ. இல்லாவிட்டால் நான் சொல்லுவேன்.

வாகீசன்


ஒஷாவா
20 செப்டம்பர்

தம்பி வாகீசன்,

இருபதுக்கே ஓடர் கொடுத்துவிட்டேன்.

நீ சொல்ல முந்தி நானே கௌசிக்குச் சொன்னேன், கொப்பு இழுத்து வெடித்தது என்று. "சேவ்ரி போட்டிருந்தனீங்களோ?" என்றாள். "ஓம், போட்டிருந்தன்" என்றேன். "போட்டிருந்தால் எப்படி வெடிச்சது?" என்றாள். வகுப்பில் படித்தவளல்லவா! ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ரயிலில் உன்னிடம் வெளிக்கிட்டுவிட்டாள்.

தம்பி, கொப்புத்தான் என்று நீயும் ஒருக்கால் சொல்லிவிடடா. உன் வாயால் சொன்னால் நம்புவாள். கோபப்படாதே, குடும்பம் உடைந்துபோகும்.

அத்தான்


சென் ஜேம்ஸ் ரவுண்
25 செப்டம்பர்

அத்தானுக்கு,

அக்கா வந்த அன்றே கேட்டா, எல்லாம் சொல்லிவிட்டேன். என் காதைத் தடவிப் பார்த்து அழுதா. உங்களை ஒரு சொல் ஏசவில்லை. "அந்தாள் பயந்துபோய்ச் சொன்ன பொய்" என்றுதான் சொன்னா. உங்களிடம் திரும்பி வரத்தான் இருந்தா.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. ஒளிக்க எனக்கு மனம் வரவில்லை, அவவிடமே கொடுத்தேன். வாசித்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சுட்டது தவறுதலாத்தான். தப்பிப் பிழைச்சவனையே பொய் சொல்லக் கேட்கிற மனுசனோட காட்டுக்கு மட்டுமில்லை, வீட்டுக்கும் போகமாட்டன்."

மிச்ச உடுப்புகளை எடுக்க நான் சனிக்கிழமை வருவேன். புதுத் துவக்கு வந்திருந்தால் பூட்டி வையுங்கோ.

வாகீசன்