பெயர் இல்லாத ஏழாம் பக்கம்

பிப்ரவரி 12, ஞாயிறு

மாடியில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் வகுப்பு. கீழே, பள்ளிவாசல் சமையற்கூடத்தில் எங்களுக்குப் பெற்றோர் கூட்டம். பதினோரு பேர். பதின்ம வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்காகக் கேள்வி-பதில் கைப்புத்தகம் போடுகிறார்களாம். மனத்தை உறுத்தும் ஒன்றைப் பெயர் போடாமல் எழுதித் தரச் சொன்னார் கூட்டத்தை நடத்தும் யாஃபென் அக்கா. போன வாரம் மகள் ஜியாநிங் என்னிடம் சொன்னதை எழுதிக் கொடுத்தேன்.

"தொழும்போது எனக்கு ஒண்ணுமே தோணலம்மா. கயிறு இழுக்கறதுக்கு முன்னாடி உடம்பைச் சூடு பண்ணுவோமே, அப்படித்தான் இருக்கு."

எழுதிய பிறகு பாரம் குறைந்தது போலிருந்தது.

பிப்ரவரி 26, ஞாயிறு

கைப்புத்தகம் வந்துவிட்டது. நாற்பது பிரதிகள். என் கேள்வி ஏழாம் பக்கத்தில். 'பதினைந்து வயது மகள், பள்ளிக்கூடத்தின் கயிறு இழுக்கும் போட்டி அணியில் இருக்கிறாள்' என்று தொடங்குகிறது. பதில் நன்றாக இருக்கிறது: திட்டாதீர்கள், உங்களை நம்பிச் சொன்னதற்கு அவளுக்கு நன்றி சொல்லுங்கள். இரண்டு முறை படித்தேன்.

மார்ச் 5, ஞாயிறு

வகுப்பு முடிந்து ஜியாநிங் என் ஸ்கூட்டரில் ஏறவில்லை. மூன்று கிலோமீட்டர் நடந்தே வந்தாள். பள்ளிவாசலில் நண்பகல் லுஹர் தொழுகை முடித்து எழுந்தபோது பின்வரிசைப் பெண்கள் அவளிடம் கேட்டார்களாம்: "என்னடி, உடம்பு சூடாயிடுச்சா?"

புத்தகத்தை மேசைமேல் போட்டாள். ஏழாம் பக்கம் மடித்திருந்தது.

"உங்ககிட்ட மட்டும்தாம்மா சொன்னேன்."

பெயர் போடவில்லையே என்றேன். என்ன பேச்சு அது? ஏன் அதைச் சொன்னேன்?

மார்ச் 7, செவ்வாய்

வீட்டிலிருக்கும் வேளையெல்லாம் கூடத்தின் நடுவில், என் கண்ணெதிரே தொழுகிறாள். ஒன்றும் விடுவதில்லை. தொழுகை முடிவில் சலாம் கொடுத்து எழுந்ததும், "இதையும் எழுதிக்கோங்க."



மார்ச் 9, வியாழன்

எங்கள் நூடுல்ஸ் கடையை மூன்று மணிக்கே மூடிவிட்டு யாஃபென் அக்கா வீட்டுக்குப் போனேன்.

"பேரே இல்லையே, ஹுய்ஜென். யாருக்குத் தெரியப்போகுது?"

"நம்ம பள்ளிவாசல்ல கயிறு இழுக்கற பொண்ணுங்க எத்தனை பேர்க்கா?"

சிரித்தபடி விரலை நீட்டினார். ஒரு விரலோடு நின்றுவிட்டது. சிரிப்பும் நின்றது.

"ஐயோ. நான்தானே அச்சுக்குக் குடுத்தேன்."

இருவரும் வீடு வீடாகப் போய்ப் பிரதிகளைத் திரும்ப வாங்கினோம். முப்பத்தொன்று கிடைத்தது. மீதி ஒன்பது எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. கிடைத்தாலும் படித்தவர்கள் படித்ததுதான்.

மார்ச் 10, வெள்ளி

ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு இமாமிடம் நடந்ததைச் சொன்னேன். அவளிடம் என் சார்பாகப் பேசச் சொல்லிக் கேட்டேன். மறுத்துவிட்டார். "அது அவளோட உரிமை. அவ மன்னிக்காம நான் இதுல ஒண்ணும் செய்ய முடியாது. நான் வந்து நின்னா அவ சரின்னுதான் சொல்லுவா. அது உங்களுக்கு வேணுமா?"

மார்ச் 12, ஞாயிறு

கேட்டேன். கடையில், அவள் கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது. காரணம் எதுவும் சொல்லாமல், நான் செய்தது தப்பு, மன்னித்துவிடு என்றேன்.

துடைப்பதை நிறுத்தவில்லை. "மன்னிச்சேன்னு சொன்னா உங்களுக்கு முடிஞ்சிடும். எனக்கு முடியலம்மா."

சரி என்றேன். அடுக்களைக்குப் போய் நின்றேன். நூடுல்ஸ் குழைந்துவிட்டது. அதை என் கணவர் குவோலியாங் அப்படியே சாப்பிட்டார். பிறகு சொன்னார்: "நல்லவேளை, என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்றதில்ல." சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அழுதுவிட்டேன்.

மார்ச் 19, ஞாயிறு

பெற்றோர் கூட்டம். என் முறை வந்தபோது மகளைப் பற்றிப் பேசவில்லை. நான் செய்ததைச் சொன்னேன். யாரும் குறிப்பெடுக்கவில்லை. இனி இங்கே பேசுவது எதுவும் அச்சில் வராது என்று முடிவாயிற்று.

ஜியாநிங் வகுப்புக்கு வரவில்லை. வற்புறுத்தவில்லை.

மார்ச் 22, புதன்

நாளை ரமலான் நோன்பு தொடக்கம். பள்ளிவாசலில் எல்லோரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். யாஃபென் அக்கா ஜியாநிங்கின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு கேட்டார். தலையசைத்தாள். நான் செருப்பு வைக்கும் இடத்தில் நின்றேன். எல்லோர் முன்னாலும் கேட்டால் மறுக்க அவளுக்கு வழியிருக்காது.

மார்ச் 30, வியாழன்

கூடத்தில் தொழுவதை நிறுத்திவிட்டாள். அவள் அறைக்கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே தொழுகிறாளா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை. காதை வைத்துக் கேட்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நகர்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 8, சனி

மாலை நான்கு ஐம்பது. நோன்பு திறக்கும் நேரத்துக்காகக் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். ஜியாநிங் வந்து எதிரில் உட்கார்ந்து ஒரு கட்டை எடுத்துக்கொண்டாள். பாதிக் கட்டு முடிந்தபோது பேசத் தொடங்கினாள். இருபது நிமிடம். நான் ஒன்றிரண்டு முறை "ம்" என்றேன்.

பிறகு குவோலியாங் கேட்டார்: "என்ன சொன்னா?"

"கொத்தமல்லி கொஞ்சம் வாடியிருக்குன்னா."

அவள் சொன்னதை இந்த நோட்டிலும் எழுதவில்லை.