துண்டுக்கு வெளியே சொன்ன தரம்

செவ்வாய், இரவு.

நான் கொழும்புக்கு அனுப்ப வேண்டிய நெத்திலிக் கருவாட்டை இன்று மூன்று பேர் தரம் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் துண்டுக்கடியில் என் விரலைப் பிடித்துத்தான் தரம் சொல்ல வேண்டும்; ஒரு விரல் என்றால் முதல் தரம். ஒருவர் சொல்வது அடுத்தவருக்குத் தெரியக்கூடாது.

நான் துண்டை எடுக்குமுன்பே மூத்த அண்ணாச்சி, "முதல் தரம்லா, இதுக்கு எதுக்குவே துண்டு?" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். மற்ற இருவரும் ஒற்றை விரலையே பிடித்தார்கள்.

"என்னவே, இன்னைக்குச் சண்டையே இல்ல?" என்றேன்.

"அண்ணாச்சி சொன்ன பொறவு நாங்க என்னத்தச் சொல்ல?" என்று இளையவன் சிரித்தான்.

ஆக, எனக்குக் கிடைத்தது ஒரே ஆளின் வாக்கு. சரக்குக்காரரோ அண்ணாச்சியின் சம்பந்தி. கருவாடு பூசணம் பிடித்துப் போய் இறங்கினால் கொழும்பு வியாபாரி என்னை மறந்துவிடுவார்.

நாளை அண்ணாச்சி வருமுன் இளையவனைத் தனியாகக் கூப்பிட்டு, அடிமூட்டையைப் பிரித்துக் காட்டிக் கேட்க வேண்டும். அவன் போய் அவரிடம் சொல்லாமல் இருந்தால் சரி.